கூவுமரமும் காதழகி முயலும்

ஒரு காட்டில் வாய் ஓயாத மரம் ஒன்று இருந்தது. மரத்துக்கு ஏது வாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். நீங்கள் கேட்டால்தானே கதை நகரும்!

அது ஒரு பெரிய இலவ மரம். அதில் இலைகளைவிட மைனாக்கள்தான் அதிகம். மரத்தடியில் வந்து நின்று யார் எதைச் சொன்னாலும் சரி, மைனாக்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு காடு முழுவதும் பறந்துபோய்க் கூவிவிடும். "மயிலுக்குப் புதுத் தோகை வந்துவிட்டது! மயிலுக்குப் புதுத் தோகை!" என்று அவை கூவினால், கேட்ட விலங்குகளெல்லாம் "ஓஹோ!" என்று குரல் கொடுக்கும். அந்த ஓஹோக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து மைனாக்கள் மயிலின் காதில் போடும். அன்றைக்கு மயிலுக்கு இரை பொறுக்கக்கூட மனம் வராது. அவ்வளவு பூரிப்பு!

காட்டில் எல்லோரும் அதைக் கூவுமரம் என்று அழைத்தார்கள். காசா, பணமா? வாயைத் திறந்தால் போதும்.

அந்தக் காட்டில் காதழகி என்றொரு முயல் இருந்தாள். முயல் குலமே தனிக்குலம். மான்களைப்போல் மந்தையாக மேயத் தெரியாது, குரங்குகளைப்போல் கூடிக் கும்மாளம் போடவும் தெரியாது. ஆளுக்கொரு புதர், அவரவர் பாடு அவரவருக்கு. காதழகிக்கு இருந்த ஒரே தோழி செம்பி என்னும் புள்ளிமான். இருவரும் தினமும் நீர்த்துறையில் சந்தித்துப் பேசுவார்கள். மரம் கூவத் தொடங்கிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று. மைனா வழியாக ஓர் ஓஹோ அனுப்பினால் ஆயிற்று, இதற்காகக் கால் கடுக்க நடப்பானேன்?

ஒருநாள் காதழகி போகிற போக்கில், "இன்றைக்கு அருகம்புல் என்னமாய் இனிக்கிறது!" என்று மரத்தடியில் சொல்லிவைத்தாள். சற்று நேரத்தில் மைனாக்கள் அள்ளிக்கொண்டு வந்தன ஓஹோக்களை.

"எனக்கா? இத்தனையும் எனக்கா?" என்று அவள் வாய் பிளந்தாள்.

பிடித்துக்கொண்டது பைத்தியம்! அன்று முதல் விடிந்ததும் அவள் முகம் துடைக்கிறாளோ இல்லையோ, காது இரண்டும் மரத்தின் பக்கம் திரும்பிவிடும்.

அப்படியிருக்கையில் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன.

மற்ற தாய்மார்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுப்பார்கள். முயல்தாய் அப்படிப் படுக்கமாட்டாள். பால்குடி மாறாத முயல்குட்டியின் உடம்பில் வாசனை மிகவும் குறைவு. தாயின் வாசனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் அவள் குட்டிகளைத் தனித்தனிப் புதரில் மறைத்துவிட்டு, தான் எட்டப் போய்ப் படுத்துக்கொள்வாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒருமுறை வந்து பால் கொடுப்பாள். அந்த ஒருமுறையும் நேர்வழியில் வரமாட்டாள். வந்த வழியே கொஞ்சம் திரும்பி ஓடுவாள், சட்டென்று பக்கவாட்டில் ஒரு தாவல் தாவுவாள். தடம் அங்கேயே அறுந்துவிடும். எந்த மூக்கனாலும் மோப்பம் பிடிக்க முடியாது.

காதழகியும் இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். கெட்டிக்காரிதான்! ஆனால் பகல் முழுவதும் குட்டிகளைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்? பெற்ற வயிறு அல்லவா? யாரிடமாவது சொன்னால்தான் ஆறும் போலிருந்தது. கூவுமரத்தடிக்குப் போனாள்.

"எனக்கு இரண்டு குட்டிகள்!"

காடே "ஓஹோ!" என்றது.

"குட்டிகள் எங்கே?" என்று மைனாக்கள் கேட்டன.

"ஆ! அதை மட்டும் சொல்லமாட்டேன். நான் என்ன அவ்வளவு அசடா?" என்று காதழகி காதை ஆட்டினாள்.

"வேண்டாம், வேண்டாம். வேறு ஏதாவது சொல்லேன்!"

வேறு என்றால் தாய்க்குச் சொல்லவா இல்லை? "நாணல் பூ உதிர்ந்து மூக்கில் விழுந்ததாம், என் சின்னவன் தும்முகிறான்!" என்றாள் ஒருநாள். "வெயில் ஏற நேரமாகிறதல்லவா, என் மூத்தவன் நன்றாகத் தூங்குகிறான்!" என்றாள் இன்னொரு நாள். "தவளைச் சத்தம்தான் என் செல்வங்களுக்குத் தாலாட்டு!" என்றாள் பிறகு. ஓஹோ, ஓஹோ, ஓஹோ!

மரத்தடியில் எப்போதும் ஒரு நரி படுத்துக் கிடந்தது. யார் வம்புக்கும் போகாது. காலையில் எழுந்து பக்கத்திலிருந்த புற்றைக் காலால் கீறிவிடும். வெளியே வரும் கரையான்களை மைனாக்கள் கொத்தித் தின்னும். நரி மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். காதை மட்டும் மூடாது.

கூவுமரத்தின் பக்கமே வராத ஒருவன் அந்தக் காட்டில் இருந்தான். அவன் பெயர் முள்ளன். முள்ளம்பன்றி. ஓடைக்கு அக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்தான். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள்.

ஒரு சாயங்காலம், வளை வாசலுக்கு வந்து மரத்தடிச் சேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்த காதழகியிடம் அவன் கேட்டான். "ஏம்மா தங்கச்சி, நரி கரையான் தின்னுமா?"

"அகப்பட்டால் தின்னும். ஆனால் அந்த நரி தொடுவதில்லை. எல்லாம் மைனாக்களுக்குத்தான்."

"சொந்த வாய்க்குப் போடாமல் மைனாக்களுக்கு எதற்கு விருந்து வைக்கிறது?"

"நல்ல மனசு, அண்ணே!"

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். யோசித்துப் பார்."

காதழகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போ அண்ணே! உனக்கு ஓஹோ சொல்ல ஒரு நாதியில்லை. அந்த வயிற்றெரிச்சல் உனக்கு!"

"இருக்கட்டும் தாயே. எனக்குத் தூக்கம் வருகிறது, அது போதும்" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் நடுப்பகல். காதழகி ஒரு காரைப் புதரடியில் படுத்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு மைனா அலறியது.

"காதழகி! காதழகி! மலையில் பெருமழையாம்! ஓடையில் வெள்ளம் வருகிறதாம்! யானைப்பாறைக்குக் கீழே உன் குட்டிகள் கிடக்கின்றனவே, ஓடு, ஓடு!"

"ஐயோ, என் கண்மணிகளே!"

எழுந்தாள். ஓடினாள். புல்லா, முள்ளா, எதுவும் தெரியவில்லை. மூச்சு நெஞ்சை அடைத்தது. குட்டிகளுக்கு நீந்தத் தெரியாதே, கண்கூடச் சரியாகத் தெளியவில்லையே என்று அடித்துக்கொண்டே ஓடினாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் குட்டிகள் இருக்கும் திசைக்கு நேர்கோட்டில் ஓடினாள்.

ஆனால் பழகிய கால்கள் இருக்கின்றனவே, அவை சும்மா இருக்குமா? பக்கவாட்டில் தாவு, தாவு என்று அவை துடித்தன. அந்தத் துடிப்பில்தான் அவளுக்கு உறைத்தது. பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"ஏ மைனா! வெள்ளம் என்று யார் சொன்னது?"

"மரத்தடியில் சொன்னார்கள்."

"யார்?"

"யார் என்றெல்லாம் நாங்கள் எப்போது பார்த்தோம்? சொன்னதைச் சொல்வோம், அவ்வளவுதான்."

"என் குட்டிகள் யானைப்பாறைக்குக் கீழே இருப்பதாக நான் சொன்னேனா?"

மைனா தலையைச் சாய்த்து யோசித்தது. "இல்லையே, நீ சொல்லவே இல்லை."

காதழகிக்குத் தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் சொல்லவில்லையா என்ன? நாணல் வேறெங்கே பூக்கும், ஓடைக்கரையில்தானே? வெயில் தாமதமாக ஏறும் இடம் எது, யானைப்பாறை நிழல்தானே? தவளை வேறு! ஒவ்வொன்றாகச் சொன்னாள். எவனோ ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டான்.

"அடிப் பாவி! நாலு காலால் அழித்த தடத்தை ஒரு நாக்கால் போட்டுவிட்டேனே!" என்று அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். காற்றே இல்லை. ஆனால் பின்னால் புல் அசைந்தது. புல்லுக்கு மேலே நரியின் காதுகள் தெரிந்தன.

எல்லாம் விளங்கிவிட்டது. இடம் தெரிந்தாலும் எந்தப் புதர் என்று நரிக்குத் தெரியவில்லை. குட்டிகளுக்கோ வாசனை இல்லை. தாயைப் பதறவைத்தால் தாயே கொண்டுபோய்க் காட்டிவிடுவாள். அதற்குத்தான் இந்த வெள்ளம்!

ஆனால் வெள்ளம் மெய்யாக இருந்துவிட்டால்? போனால் நரி, போகாவிட்டால் தண்ணீர். தாய் மனம் என்ன பாடுபடும், சொல்லுங்கள்! அவள் ஒரு கணம்தான் நின்றாள். பிறகு ஓடினாள். யானைப்பாறைக்கு அல்ல. பாறைக்கு வெகு மேலே இருந்த துறைப் பக்கமாக, ஓடையை நோக்கி.

'அட, குட்டிகளை இடம் மாற்றிவிட்டாளா? மாற்றட்டுமே. தாய் வழி தவறமாட்டாள்' என்று நரி எச்சில் ஊறப் பின்தொடர்ந்தது.

காதழகி ஓடையில் இறங்கினாள். தண்ணீர் அவள் குதிகாலைத்தான் நனைத்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மலை உச்சியில் மருந்துக்கும் மேகம் இல்லை.

பொய்! வெள்ளம் பொய்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை. அக்கரை ஏறி நேரே முள்ளனின் வளை வாசலுக்குப் போய், "கண்ணே! ராஜா! அம்மா வந்துவிட்டேன்!" என்று உரக்கக் கூப்பிட்டாள். வாசலில் முகத்தை நுழைப்பதுபோல் நுழைத்தாள். அடுத்த கணம் பக்கவாட்டில் ஒரு தாவல்! ஆளைக் காணோம்.

நரி பாய்ந்து வந்தது. முயலைத் தேடக்கூட இல்லை. குட்டிக் கறி நினைப்பில் தலையை வளைக்குள் திணித்தது.

"எவனடா அவன், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கிறவன்?" என்று உள்ளே ஒரு குரல் உறுமியது. முள்ளன் தூக்கக் கலக்கத்தோடு திரும்பி, முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாக ஒரே தள்ளு தள்ளினான்.

"ஐயையோ! அம்மா! என் மூக்கு!"

நரி உருண்டது, புரண்டது, முகமெல்லாம் முள்ளோடு ஊளையிட்டபடி ஓடியது. மேலே பார்த்துக்கொண்டிருந்த மைனாக்கள் சும்மா இருக்குமா? "நரி மூக்கில் முள்! நரி மூக்கில் முள்!" என்று காடு முழுவதும் கூவிவிட்டன. தினமும் கரையான் போட்ட நரியாயிற்றே என்று ஒரு மைனாகூடப் பார்க்கவில்லை. காடே "ஓஹோ!" என்றது. வெட்கம் தாங்காமல் நரி அந்தக் காட்டைவிட்டே போய்விட்டது.

காதழகி புதரிலிருந்து வெளியே வந்தாள். "மன்னித்துக்கொள் அண்ணே. அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இன்றைக்கு உன் தூக்கத்தையும் கெடுத்துவிட்டேன்."

"தூக்கத்தைத்தான் கெடுத்தாய்" என்று முள்ளன் முணுமுணுத்தான். "குட்டிகள் பத்திரம்தானே? அப்புறம் என்ன, போய்ப் பால் கொடு."

பொழுது சாய்ந்ததும் அவள் திரும்பி ஓடி, பக்கம் தாவி, சுற்றிச் சுற்றிக் குட்டிகளிடம் போனாள். மூத்தவன் தூங்கிக்கொண்டிருந்தான். சின்னவன் பசியில் முட்டினான். அப்பாடா! அவள் இருவரையும் நக்கி நக்கி ஓய்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் மறைத்தாள். எந்த இடம் என்கிறீர்களா? அதை அவள் எனக்கே சொல்லவில்லை!

மறுநாள் விடிந்ததும் மைனாக்கள் வந்துவிட்டன.

"காதழகி! நேற்று என்ன நடந்தது? சொல், சொல்! காடே காத்திருக்கிறது. இதுவரை யாருக்கும் கிடைக்காத ஓஹோ உனக்குக் கிடைக்கும்!"

நாக்கு நமநமவென்றது அவளுக்கு. பொய் சொல்வானேன்? ஆசையாகத்தான் இருந்தது. நரியை ஏமாற்றிய கதை என்றால் சும்மாவா?

"சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இனிமேல் நான் மரத்தடிக்கு வரப்போவதும் இல்லை" என்றாள்.

"நரிதான் போய்விட்டதே!"

"நரி போய்விட்டது. உங்கள் கூவலைக் கேட்கும் மற்றக் காதுகளை நான் பார்த்தேனா?"

"எல்லோரும் உன்னை மறந்துவிடுவார்கள்!" என்று மைனாக்கள் பயமுறுத்தின. "நீ இருக்கிறாயா, செத்தாயா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. மைனாக்கள் பறந்துபோயின. அன்று முழுவதும் ஓர் ஓஹோகூட வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காடு இவ்வளவு அமைதியாக இருக்குமா என்று காதழகிக்கு ஆச்சரியமாக இருந்தது. மைனாக்கள் சொன்னது உண்மைதான் போலும் என்று வருத்தமாகவும் இருந்தது.

அதற்கும் அடுத்த நாள் சருகு சலசலத்தது. காதழகி காதைத் தூக்கினாள். புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் செம்பி. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஏண்டி, உயிரோடுதான் இருக்கிறாயா? மரத்தில் உன் பேச்சே இல்லை. மனசு கேட்கவில்லை. நீர்த்துறை, புல்வெளி என்று தேடித் தேடி வருகிறேன்."

"நடந்தா வந்தாய்?"

"பின்னே, பறந்தா வருவேன்?"

காதழகிக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தில் சொல்லாத கதையை அவள் செம்பியின் காதோடு சொன்னாள். செம்பி பயப்படவேண்டிய இடத்தில் பயந்தாள், சிரிக்கவேண்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை ஓஹோ கேட்ட காதழகி, தன் பேச்சுக்கு ஒரு முகம் மாறுவதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"குட்டிகள் சுகம்தானே?" என்று கேட்டாள் செம்பி.

"சுகம்."

எங்கே இருக்கின்றன என்று செம்பி கேட்கவில்லை. காதழகியும் சொல்லவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று புல் மேய்ந்தார்கள்.

நீதி: ஊருக்கெல்லாம் சொல்லும் சேதியில் பகைவனுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.