பிரிக்காத கட்டு

மாடத்தி அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா. கேட்டாலொழிய வாயைத் திறக்கமாட்டாள்.

மாவட்டம் முழுக்க ஒரே கேள்வித்தாள் வைத்த தேர்வில் ஐந்தாம் வகுப்பு ஏ பிரிவு நூற்றுக்கு நூறு, எஸ்தர் டீச்சரின் பி பிரிவு அறுபத்தொன்று. கல்வி அதிகாரி தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மார்க்கை வச்சுத்தான் வாத்தியாரை எடைபோடுவேன். அதே தாளை ரெண்டு பிரிவும் இப்பவே மறுபடி எழுதட்டும். பி பிரிவு பின்தங்கினா டீச்சருக்கு மாற்றல்தான்" என்றவர், இளநீர் குடிக்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

அவர் கொண்டுவந்த கேள்வித்தாள் கட்டையும் விடைத்தாள்களையும் கொடுக்கும் வேலை மாடத்திக்கு. 'ஒன்றுக்கு சி, இரண்டுக்கு ஏ' என்று தேர்வுக்கு முன்பே ஏ பிரிவு தினமும் ராகம் போட்டு ஒப்பிப்பதை ஜன்னல் துடைத்தபடி கேட்டவள் அவள். எல்லோருக்கும் விடைத்தாளை மட்டும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

அதிகாரி திரும்பி வந்தபோது ஏ பிரிவு வட்டங்களை நிரப்பி முடித்திருந்தது. திருத்திப் பார்த்தார், அத்தனை பேரும் நூறு.

"பார்த்தீங்களா டீச்சர்? உங்க பிள்ளைங்க மட்டும் ஏன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு முழிக்குதுங்க?"

டீச்சர் மாடத்தியைப் பார்த்தார். அதிகாரி மாடத்தி பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றார்.

மாடத்தி அக்குளில் இடுக்கியிருந்த கட்டை மேசைமேல் வைத்தாள். போட்ட முத்திரை அப்படியே இருந்தது.

"அதுங்க கேள்விக்குக் காத்திருக்குதுங்கய்யா. நான் இன்னும் கொடுக்கலை."