தம்பியின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

“எந்த லென்ஸை எடுத்துக்கிட்டுப் போகட்டும்?” என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

உண்ணாமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

வட்டம் நின்றது.

“வரிசையில வாங்க சார்” என்றாள்.

அவர் போய் வரிசையில் நின்றார். ஒன்பது பேருக்குப் பின்னால்.

*

ஜவ்வாது மலையில் புளியங்குட்டை என்று ஓர் ஊர். அப்போது அந்த ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து.

அங்கே பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை. வாரத்தில் இரண்டு நாள் உண்ணாமலை அங்கே உட்கார்ந்து மருத்துவ அட்டைக்குப் பதிவு செய்வாள். முப்பத்து நான்கு வயது. அவளிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலுக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு வெள்ளை வேட்டி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா.

ஜம்புலிங்கத்துக்கு அறுபத்தொரு வயது. வேலூர்க்காரர். இருபத்தாறு வருடமாகப் படம் எடுக்கிறார். போன ஊர்களை அவர் சொல்லத் தொடங்கினால் நின்று கேட்பவருக்குக் கால் வலிக்கும்.

அடையாள அட்டைப் படங்கள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெற்ற தாயே “யாருடா இது, போலீஸ் தேடுற ஆளா?” என்று கேட்பாள்.

ஆனால் ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில், தனக்கு முன்னால் நின்ற மலைக்காரரின் கையில் இருந்த அட்டையை ஜம்புலிங்கம் பார்த்தார். தபால்தலை அளவில் ஒரு முகம். அது எதிரில் இருந்த யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சுக்கு நடுவில் இருந்தது.

அப்படி ஒரு முகம் இருபத்தாறு வருடத்தில் தன் கேமராவுக்குள் வந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“யார் எடுத்தது இது?”

“எங்க ஊர்ல அட்டை போடுற பொண்ணு” என்றார் மலைக்காரர். “ஏன் சாமி, நல்லா இல்லியா?”

அடுத்த பதிவு நாளில் ஜம்புலிங்கம் காலைப் பேருந்தில் ஏறினார்.

*

வரிசையில் நின்றபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலில் ஒருவன் விறைத்து உட்கார்ந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“வெள்ளையண்ணா, மூச்சு விடு” என்றாள் உண்ணாமலை. “செத்துகித்துப் போயிட்டா அப்புறம் அட்டை எதுக்கு?”

வரிசை சிரித்தது. வெள்ளையன் சிரிக்கவில்லை.

“உன் பலாமரம் இந்த வருசம் எத்தினி காய்ச்சுது?”

“எங்க காய்ச்சுது? பழுத்ததெல்லாம் கரடி வந்து தின்னுட்டுப் போச்சு.”

“உனக்கு ஒண்ணும் வைக்கலியா?”

“வச்சுதே. கொட்டையை.”

“எழுந்திரு. ஆச்சு.”

“எப்ப எடுத்த?”

“நீ கொட்டைன்னு சொல்லும்போது.”

அவள் திரையைப் பார்க்கவே இல்லை என்பதை ஜம்புலிங்கம் கவனித்தார். கை மட்டும் மௌஸ் மேல் இருந்தது. கண் வெள்ளையன் மேல் இருந்தது.

*

அவர் முறை வந்தது.

“உங்க கேமரா என்ன கேமரா?” என்று கேட்டார்.

“தெரியாது சார். கம்ப்யூட்டரோட சேர்த்துக் குடுத்தாங்க.”

“கொஞ்சம் தள்ளி வச்சு எடுத்தா முகம் இன்னும் நல்லா வருமே?”

“ஒயர் பத்தாது.”

அவர் பையைத் திறந்தார். மேசையில் துண்டு விரித்தார். மூன்று லென்ஸ்களை அதன்மேல் வரிசையாக நிறுத்தினார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இது முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ். பயணத்துக்கு நல்லது. தெரு, வீடு, ஆளு எல்லாம் ஒண்ணா வரும். முகம் வேணும்னா மட்டும் ரொம்பக் கிட்டப் போகணும்.”

“போனா?”

“மூக்கு பெருசாயிடும்.”

“இது?”

“எண்பத்தஞ்சு. முகத்துக்குன்னே செஞ்சது. ஆறேழு அடியில நிக்கணும். முகம் தெளிவா நிக்கும். பின்னால இருக்கறதெல்லாம் கரைஞ்சு போயிடும்.”

மூன்றாவதை அவளே தூக்கிப் பார்த்தாள்.

“இன்னா சார் இது, இந்தக் கனம் கனக்குது? அரைப்படி அரிசி போடலாம் போல.”

“அது எழுபதுல இருந்து இருநூறு வரைக்கும் போகும். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னாக்கூட இமை முடியை எண்ணலாம்.”

“எதுக்கு எண்ணணும்?”

அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கித் துண்டின் மேல் வைத்தார்.

“மூணையும் எடுத்துக்கிட்டுப் போங்களேன்.”

“தோள்பட்டை போயிடுச்சும்மா. பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஒரு கேமரா, ஒரு லென்ஸ். அவ்வளவுதான் முடியும். நாளை மறுநாள் ரயில். ஒரே ஒரு முகம்தான் எடுக்கணும். அது தப்பக் கூடாது.”

“யார் முகம்?”

“என் தம்பி.”

அவர் பெரிய லென்ஸைத் தன் பக்கம் நகர்த்தினார்.

“பெரிசையே எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன்” என்றார்.

“கூடப்பொறந்த தம்பியைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டா எடுக்கப்போறீங்க?”

“படம் எடுக்கறது தெரிஞ்சா முகம் மாறிடும்.”

“மாறட்டுமே.”

*

இணையம் போய்விட்டது. திரையில் வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

“இனி அரைமணி ஆகும்” என்றாள் உண்ணாமலை. “சொல்லுங்க.”

தம்பியின் பெயர் ஏகாம்பரம். ஹூப்ளியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்தாள். போன் வந்தபோது ஜம்புலிங்கம் இமயமலைப் பக்கம் ஸ்பிதியில் ஒரு பனிமலைக்கு எதிரே கேமராவை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். மூன்று நாளாக மேகம். அன்றுதான் விலக ஆரம்பித்திருந்தது.

“படத்துக்காக இன்னும் ஒரு நாள்தான் அங்கேயே தங்கினேன்” என்றார். “மறுநாள் பனி விழுந்து பாதை மூடிடுச்சு. நான் வந்து சேர்ந்தப்போ பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருந்தது.”

“அதுக்கப்புறமாவது போனீங்களா?”

“எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? கல்யாணத்துக்கு வராதவனை விட்டுடுவாங்க. சாவுக்கு வராதவனை விடுவாங்களா?”

“விட மாட்டாங்க” என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளை யாரும் கேட்கவில்லை.

“நீ சும்மா இரு அத்தை” என்றாள் உண்ணாமலை. பிறகு அவரிடம், “அந்த மலை நல்லா வந்துச்சா?”

“வந்துச்சு. பரிசுகூடக் கிடைச்சுது.”

“வீட்டுல மாட்டியிருக்கீங்களா?”

“என் வீட்டுக்காரி மாட்ட விடல. அவ போயி நாலு வருஷம் ஆகுது. இன்னும் மாட்டல.”

“அவங்க காரியத்துக்குத் தம்பி வந்தாரா?”

ஜம்புலிங்கம் லென்ஸ் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

“நான் சொல்லி அனுப்பல” என்றார்.

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“போன மாசம் ஒரு சொந்தக்காரர் சொன்னார், ஏகாம்பரம் பாதி ஆளா ஆயிட்டான்னு. உடனே ரயில் ஏறிட்டேன். அவன் வீட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை. காலையில அவன் வாசல்ல நாற்காலி போட்டு வெயில்ல உக்கார்றான். பக்கத்துல யாரும் இல்லை. நான் நாலு டீ குடிச்சேன்.”

“அப்புறம்?”

“வந்துட்டேன்.”

“தெருவைத் தாண்டலியா?”

“தாண்டல. கேமராவும் கொண்டு போகல. அதுதான் நான் பண்ணின தப்பு. ஒரு படம் எடுத்திருந்தா வீட்டுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். அவனுக்கு இன்னும் எவ்வளவு நாளோ. இந்தத் தடவை விடக் கூடாது. அதான் கேக்கறேன். எந்த லென்ஸ்?”

*

இணையம் வந்தது.

“உங்களுக்கு அட்டை இருக்கா?” என்று கேட்டாள் உண்ணாமலை.

“இல்லை. நான் கேட்டது...”

“உக்காருங்க சார். மறுபடியும் போயிடும்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவள் இவ்வளவு பக்கத்தில் இருப்பாள் என்று வரிசையில் நின்றபோது தெரியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியில் இருந்த கீறல் தெரிந்தது.

“பேரு?”

“ஜம்புலிங்கம்.”

“அப்பா பேரு?”

“அருணகிரி.”

“பிள்ளைங்க?”

“இல்லை.”

“வீட்டுல எத்தினி பேரு?”

“ஒருத்தர்.”

“உங்களைச் சேர்க்காமலா?”

“என்னைச் சேர்த்து.”

அவள் அடித்தாள். ஒரே ஒரு விசை.

“உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும்?”

“அது காலியா இருக்கட்டும்மா.”

“காலியா விட முடியாது. சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கு.”

அவர் யோசித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. போட்டோ சங்கத்துச் செயலாளர் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பூப்படம் அனுப்புவார். பால்காரர் தினமும் வருகிறார். அவர் பெயர் தெரியாது.

வெளியே ஆடு ஒன்று கத்தியது. வரிசையில் யாரோ தும்மினார்கள். உண்ணாமலை அவசரப்படுத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏகாம்பரம்” என்றார்.

“இன்னா உறவு?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“தம்பி.”

“ஆச்சு” என்றாள் உண்ணாமலை.

*

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. பின்னால் தொங்கிய வேட்டியில் இருந்த கறை தெரிந்தது. கண்ணில் வெளிச்சம் இல்லை. குறை சொல்ல எவ்வளவோ இருந்தது.

“அவன் ஜாடை இருக்கு” என்றார்.

“அண்ணன் தம்பின்னா இருக்காதா?”

“அப்படியே இருக்கான்.” அவர் திரையை விரலால் தொட்டார். “இது போதும்மா. இதை எனக்குப் பிரிண்ட் போட்டுக் குடுத்துடு. நான் ஹூப்ளிக்குப் போகல. ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன்.”

“படம் தனியா வராது சார். அட்டையோடதான் வரும். தம்பி பேருக்கு நேரா அவர் நம்பரையும் போடணும். சொல்லுங்க.”

“நம்பர் தெரியாது. மாத்திட்டான். சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட இருக்கும். வாங்கி உனக்கு அனுப்பிடறேன்.”

“வாங்கினா பத்தாது. அந்த நம்பருக்கு ஓ.டி.பி. ஒண்ணு போகும். ஆறு எண்ணு. அதை அவரு பார்த்து உங்ககிட்டச் சொல்லணும். நீங்க எங்கிட்டச் சொல்லணும்.”

“எத்தனை நேரத்துக்குள்ள?”

“ரெண்டு நிமிசம். அப்புறம் அது செல்லாது.”

அவர் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்த மனு முப்பது நாள் இப்படியே நிக்கும்” என்றாள். “தம்பி பக்கத்துல உக்காந்துகிட்டு எனக்கு போன் பண்ணுங்க. நான் இங்க அமுக்கறேன்.”

“இந்தாம்மா, ஒரு ஆளுக்கு எத்தினி நேரம்?” என்றது வரிசை. “மழை வருது.”

ஜம்புலிங்கம் ஸ்டூலை விட்டு எழவில்லை.

“அவன் சொல்லலைன்னா?” என்று கேட்டார்.

உண்ணாமலை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“அது கேட்டாத்தானே சார் தெரியும்.”