ஆளுக்கொரு செலவு

புதுக்கோட்டைப் பக்கம் அரைக்கிணற்றுப்பட்டி என்று ஒரு ஊர். பாதிக் கிணற்றை நாம் வெட்டியாயிற்று, மீதிப் பாதியைத் தண்ணீர் வந்து வெட்டிக்கொள்ளட்டும் என்று மண்வெட்டியைக் கீழே போட்ட ஊர் அது. தண்ணீர் வரவில்லை. தண்ணீர்தான் பேச்சுத் தவறிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார்கள்.

அந்த ஊரிலிருந்து ஐந்து பேர் ஷார்ஜாவுக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்கள். பட்டன் போன் காலம் அது. ஐவரில் நம்முடைய ஆள் அடைக்கலம். நூல் சுற்றிய சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பான். அது இல்லாவிட்டால் அவனுக்கு எருமையும் எதிர்வீட்டு மாமாவும் ஒன்றுதான். அவன் பெண்டாட்டி மீனாள் அப்போது ஐந்து மாதம். பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவனுக்கு ஆசை. ஆனால் மாமனார் கல்யாணப் பந்தியிலேயே, இவன் உப்புக்குக்கூடச் சம்பாதிக்க மாட்டான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவர். ரோஷத்தில் விமானம் ஏறிவிட்டான்.

டிக்கெட் போட்டுக்கொடுத்த ஜமால் பாய் அந்த நாட்டில் இருபது வருடம் இருந்தவர். ஐந்து பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"அங்க கையில சம்பளந்தான் குடுப்பாங்க. வாடக, சாப்பாடு, பஸ்சு, கரண்டு, போனு எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். பேசாம ஆளுக்கொரு செலவ ஏத்துக்கங்க. அடுத்தவன் பொறுப்புல கை வைக்காதீங்க. ஒரு சண்ட வராது."

விமானத்திலேயே சீட்டுக் குலுக்கினார்கள். மூத்தவரான உடையப்பனுக்கு வாடகை விழுந்தது. அடைக்கலத்துக்குச் சாப்பாடு, சாத்தையாவுக்குப் போக்குவரத்து, வெள்ளைச்சாமிக்குக் கரண்டு, பொன்னழகுக்குப் போன். உடையப்பன் அதை ஒரு நோட்டில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

ஷார்ஜாவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. உடையப்பன் முன்பணம் கொடுத்து, சாவி வாங்கி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். மற்ற நால்வரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். வாடகை அவருடையது. அதில் கை வைக்கக் கூடாது என்றால் கால் வைப்பது இன்னும் தப்பில்லையா? நால்வரும் மாடிப்படித் திருப்பத்தில் பாயை விரித்தார்கள்.

வெள்ளைச்சாமி படிப்பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி விளக்கைப் போட்டான். உடையப்பன் நேர்மையானவர். வெளிச்சம் வெள்ளைச்சாமியுடையது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். விளக்கு எரிகிற நேரமெல்லாம் திறக்கமாட்டார். அணைத்த பிறகுதான் கண்ணைத் திறந்து சோப்பைத் தேடுவார்.

சாப்பாட்டில் அடைக்கலம் ஒரு குறை வைக்கவில்லை. கீழே இருந்த மலபார் ஓட்டலில் அவன் உட்காருவான், மற்றவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு, உடையப்பனுக்காக இரண்டு பரோட்டா, சாத்தையாவுக்காக மீன் குழம்புச் சோறு, சர்க்கரை வியாதிக்காரனான வெள்ளைச்சாமிக்காகச் சப்பாத்தி என்று எல்லாருக்குமாகச் சாப்பிடுவான். சப்பாத்திக்குப் பிறகு இனிப்பைத் தொடமாட்டான். அடுத்தவன் உடம்பு அல்லவா?

ஆறு மாதத்தில் அடைக்கலம் நன்றாக ஊதிவிட்டான். மற்ற நால்வரும் கம்பெனி இலவசமாகப் போட்ட மதியச் சோற்றில் காலம் தள்ளினார்கள். இலவசம் எந்தச் செலவிலும் சேராது என்று உடையப்பன் தீர்ப்புச் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கம்பெனி ஆறு கிலோமீட்டர். சாத்தையா பஸ்ஸில் போவான், மற்றவர்கள் நடப்பார்கள். சாத்தையா இளகிய மனசுக்காரன். அந்த வெயிலில் நடக்கிறார்களே என்று தாங்காமல், நால்வருடைய செருப்பையும் வாங்கி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோவான். அதுகளாவது சிரமமில்லாமல் வரட்டுமே. நால்வரும் தகிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடக்கும்போது, சாத்தையா மாதிரி ஒரு சொந்தம் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று பேசிக்கொள்வார்கள்.

போன் பொன்னழகு கையில். ஐந்து பெண்டாட்டிகளிடமும் அவன்தான் பேசுவான். ஒரு வெள்ளிக்கிழமை மீனாளிடம் பேசிவிட்டு வந்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். அடைக்கலத்துக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. சாடை யாருடையது என்று கேட்கச் சொன்னான். என் சாடை என்று மீனாள் சொன்னதாகவும், கூடவே பின்னாலிருந்து மாமனார், இல்லை, அச்சு அசல் என் சாடை என்று உறுமியதாகவும் பொன்னழகு ஒப்பித்தான்.

அதிலிருந்து அடைக்கலத்துக்கு நிம்மதி போயிற்று. ஐந்து பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை. தன் மகள் தன்னைப் போல இருக்கிறாளா, தன்னை மதிக்காத அந்த மனுஷனைப் போல இருக்கிறாளா? இதைக் கண்ணால் பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

வருட முடிவில் எல்லாருக்கும் ஒரு மாத லீவு கிடைத்தது. ஊருக்குப் போகிறேன் என்று அடைக்கலம் பெட்டியை எடுத்தான். உடையப்பன் நோட்டைப் பிரித்தார், கூட்டம் கூடியது.

"ஊருக்குப் போறது போக்குவரத்தா, சாப்பாடா?" என்றார்.

"போக்குவரத்துதான், சித்தப்பு."

"போக்குவரத்து யாரு?"

"சாத்தையா."

"அப்ப நீ எப்படிப் போவ? இன்னிக்கு நீ போனா, நாளைக்கு அவன் சாப்பிடுவான். ஊரு ஒலகம் என்னத்துக்கு ஆகும்?"

அடைக்கலம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். ஆனாலும் நியாயம் நியாயம்தானே. பெட்டியைச் சாத்தையாவிடம் கொடுத்து, என் மகளைப் பார்த்துவிட்டு வா பங்காளி என்றான். சாத்தையா போனான். அடைக்கலம் அந்த ஒரு மாத லீவையும் மாடிப்படியில் உட்கார்ந்து கழித்தான்.

சாத்தையா திரும்பி வந்தபோது அடைக்கலம் அவனைப் படியேற விடாமல் பிடித்துக்கொண்டான். பிள்ளை யார் சாடை என்று கேட்டான்.

"தெரியாதே பங்காளி" என்றான் சாத்தையா. "போறதும் வாறதுந்தான் என் பொறுப்பு. பாக்குறது யாரு பொறுப்புன்னு நோட்டுல இல்ல. வம்பு வேணாமுன்னு கண்ண மூடிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நொழஞ்சேன். பிள்ளய மடியில ஒக்கார வச்சாங்க. நல்ல கனம்."

மீனாள் கோழி அடித்து விருந்து வைத்தாளாம். அது அடைக்கலத்தின் பொறுப்பு என்று தொடாமல் எழுந்துவிட்டானாம். சொல்லும்போதே எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் விவாதம் நடந்தது. பார்ப்பதை நோட்டில் சேர்க்கலாம் என்றான் வெள்ளைச்சாமி. பார்க்கக் காசு ஆகாது, செலவு இல்லாததைச் செலவு நோட்டில் எப்படிச் சேர்ப்பது என்றார் உடையப்பன். கடைசியில், செலவில்லாத காரியம் என்பதால் அடைக்கலமே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் போவது மட்டும் சாத்தையா என்று தீர்ந்தது. அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லார் கையையும் பிடித்துக்கொண்டான்.

போகாமல் எப்படிப் பார்ப்பது என்று ஒரு வருடம் யோசித்தார்கள். செருப்பு ஞாபகம் வந்தது பொன்னழகுக்குத்தான்.

அடுத்த லீவில் அடைக்கலம் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கைக்குட்டையில் சுற்றிச் சாத்தையாவின் மடியில் வைத்தான். பிள்ளை முகத்துக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினான்.

குறித்த நேரத்தில் அடைக்கலம் மாடிப்படியில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பொன்னழகு மீனாள் வீட்டுக்குப் போன் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பிடித்திருப்பதாகச் சாத்தையா அங்கிருந்து சொன்னான்.

"தெரியுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் உடையப்பன்.

அடைக்கலம் உற்றுப் பார்த்தான். "மங்கலா இருக்கு, சித்தப்பு. பொகமூட்டம் மாதிரி."

பொன்னழகு போனில் விஷயத்தைச் சொன்னான். சாத்தையா துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பிடித்தான். அடைக்கலம் வெகு நேரம் சுவரையே பார்த்தான். மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

"என் சாடைதான்" என்றான். "மூக்கு, நெத்தி எல்லாம் என்னோடதுதான். அந்தாளு சாடை ஒரு துளிகூட இல்ல."

படியெல்லாம் ஒரே ஆரவாரம். செய்தி போனில் போனதும் மீனாள் முந்தானையைச் சரிசெய்து, தலையை ஒதுக்கிக்கொண்டு, தானும் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். எப்படி இருக்கேன்னு அவரைக் கேளுங்கண்ணே என்றாள்.

"எளச்சுப் போயிட்டா" என்றான் அடைக்கலம், சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல். "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

பொன்னழகு சொன்னான். பதில் கேட்டு வந்து ஒப்பித்தான்.

"சாப்பாடு அவரு பொறுப்பாச்சே, எனக்கும் சேத்து அவரையே சாப்பிடச் சொல்லுங்கங்குது தங்கச்சி."

அடைக்கலம் உடனே எழுந்தான். கண்ணாடி ஊரில் இருந்ததால் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கி, ஓட்டலுக்குப் போய், யாருடைய மேஜை என்று தெரியாமல் உட்கார்ந்து, ஆறாவது ஆளுக்கான சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தான்.