கரட்டு மலையும் மொச்சைப் பானையும்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டைக் கோச்சாத்தன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். அவனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. அந்த வருஷம் தலைநகரையே கரட்டு மலைமேல் மாற்றப் போவதாகக் கிளம்பிவிட்டான். மறுநாள் காலையில் ஊரே வண்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு.

மலையில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. அமைச்சர் நல்லெழினியார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "வாயை மூடும்" என்ற பதில்தான் கிடைத்தது. பச்சைக் குழந்தைகளோடு ஜனங்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சபைக்கு ஒரு கப்பல் தலைவன் வந்தான். "ஒரு தேசத்தில் ராஜா வைத்ததே சட்டம். இன்னொன்றில் கிழவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். வேறொன்றில் ராஜாவே இல்லை, ஜனங்கள் பானையில் கல் போட்டுத் தீர்மானிக்கிறார்கள்" என்றான்.

அரசன் துள்ளி எழுந்தான். "இதில் எது சிறந்தது?"

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த வில்லவராயர் முந்திக்கொண்டார். "நல்லெழினியாரே சொல்லட்டும், சான்றோடு! முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றட்டும்."

அமைச்சர் தன் மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அரசே, தலைநகரை மாற்றலாமா என்ற ஒரே கேள்வியை மூன்று விதமாகவும் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

"கேளும்!"

முதலில் அரசனே கேட்டான். "ஆகா! பேஷ்!" என்று சபையே முழங்கியது. வில்லவராயரின் குரல்தான் உரக்கக் கேட்டது.

அடுத்து மூன்று கிழவர்கள் திரைக்குப் பின்னால் கூடினார்கள். உள்ளே ஒருவர், "அரசருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டது வெளியே எல்லார் காதிலும் விழுந்தது. "மாற்றலாம்" என்று வந்து சொன்னார்கள்.

மூன்றாவதாக அமைச்சர் துணி மூடிய பானை ஒன்றை வைத்தார். அரசன் உட்பட ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சையும் ஒரு கறுப்பு மொச்சையும் கொடுத்தார். "மாற்றலாம் என்றால் வெள்ளை, கூடாது என்றால் கறுப்பு. ஒன்றைப் பானையில் போடுங்கள், மற்றதைக் கைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது."

'இவர்களுக்குத் துணிச்சல் வருமா?' பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார் அமைச்சர்.

பானையைக் கவிழ்த்தார்கள். முப்பது கறுப்பு. ஒரே ஒரு வெள்ளை.

அரசன் முகம் சிவந்தது. "என் பக்கம் ஒரே ஒருவன்தானா? யார் அவன்?"

"அடியேன்தான் அரசே!" என்று வில்லவராயர் பாய்ந்து முன்னால் வந்தார். "அந்த வெள்ளை அடியேன் போட்டது!"

அரசன் மெல்லத் தன் கையை விரித்தான். அதில் கறுப்பு மொச்சை இருந்தது.

"வெள்ளையைப் போட்டவன் நான், ராயரே."

திடீரென்று அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். "நாளைக்கு யாரும் வண்டி கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ராயர் மட்டும் போகட்டும். கரட்டு மலையில் தண்ணீர் வரும்வரை கிணறு தோண்டட்டும்!"

பிறகு அமைச்சர் பக்கம் குனிந்து, "அப்படியானால் நான் சிங்காசனத்தை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம் அரசே. இந்தப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்" என்றார் நல்லெழினியார். அப்போதுதான் தூணிலிருந்து கையை எடுத்தார்.