விழத் தெரிந்த தும்பை

ஒரு காட்டில், மூங்கில் புதர்களுக்கு நடுவே செம்மண் களம் ஒன்று இருந்தது. மருதாயி என்ற கீரி அங்கே குட்டிகளுக்கு அடிமுறை சொல்லிக்கொடுத்து வந்தாள். எப்படி நிற்பது, எப்படிக் காலை மாற்றி வைப்பது, வருகிற அடியை எப்படித் தடுப்பது, இதெல்லாம்தான் அடிமுறை. நல்லபாம்புக்கு எதிரே நின்று ஜெயித்தவள் மருதாயி. ஆனாலும் குட்டிகளுக்கு அவள் ‘அக்கா’தான்.

அவளிடம் படித்தவர்களில் காட்டெருமைக் கன்று கொம்பனுக்குத் தன் பலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை. முயல்குட்டி வெள்ளையனுக்கு எதிலும் அவசரம். முள்ளம்பன்றிக் குட்டி ஊசிக்கு மூக்கின் மேல் கோபம்.

கடைசியாக வந்து சேர்ந்தவள் தும்பை. அவள் சருகுமான் குட்டி. சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? பார்க்க மான்போலவே இருக்கும், ஆனால் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தும்பையின் கால்களோ விளக்குமாற்றுக் குச்சிகள் மாதிரி இருந்தன.

முதல் நாள் அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள்.

“உன் பேர் என்ன, கண்ணு?” என்று கேட்டாள் மருதாயி.

“தும்பை” என்றாள் அம்மா.

“நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவள் சொல்லட்டுமே” என்று சிரித்தாள் மருதாயி.

தும்பை வாயைத் திறந்தாள். அவள் சொன்னது பக்கத்திலிருந்த புல்லுக்குத்தான் கேட்டிருக்கும்.

“சரி, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்” என்று அவளைக் களத்துக்குள் கூட்டிப் போனாள் மருதாயி.

அன்றிலிருந்து தும்பை விழுந்தாள். காலை மாற்றி வைத்தால் விழுந்தாள். வெள்ளையன் லேசாக இடித்தாலும் விழுந்தாள். ஒருமுறை யாரும் தொடாமலே விழுந்தாள்.

கொம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, இவள் பாடம் படிக்க வந்தாளா, களத்தைப் பெருக்க வந்தாளா?”

“கொம்பா, சிரித்தது போதும். போய் அவளைத் தூக்கிவிடு. அதுவும் பாடம்தான்” என்றாள் மருதாயி.

கொம்பன் முணுமுணுத்துக்கொண்டே போய் மூக்கால் அவளை நிமிர்த்திவிட்டான்.

மருதாயி ஒருநாளும் தும்பையிடம் ‘ஏன் விழுந்தாய்’ என்று கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “எப்படி விழுந்தாய் என்று சொல்லு பார்ப்போம்” என்பாள்.

முதலில் தும்பைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சொன்னாள்: “பின்னங்கால் வழுக்கியது, அக்கா.” அப்புறம் ஒருநாள், “நான் அவன் காலைப் பார்த்தேன், அவன் தோளால் இடித்துவிட்டான்” என்றாள். இன்னொரு நாள், “வெள்ளையன் விழுந்தபோது முதலில் அவன் கழுத்துதான் சாய்ந்தது, அக்கா” என்றாள். மருதாயி தன் புசுபுசு வாலால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஓடைக்கு அந்தப்பக்கம், புங்க மரத்தடியில், நரி ஒரு பயிற்சிக்கூடம் ஆரம்பித்தது.

“ஒரே நாளில் வீரன்! விழ வேண்டாம், வலிக்க வேண்டாம், வியர்க்க வேண்டாம்!” என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது.

“நாமும் போய்த்தான் பார்ப்போமே” என்றான் வெள்ளையன். அவனுக்குத்தான் எல்லாவற்றிலும் அவசரமாயிற்றே. கொம்பனும் ஊசியும் உடனே கிளம்பினார்கள். தும்பையும் பின்னாலேயே போனாள். விழாமலே வீராங்கனை ஆகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

“வாருங்கள், வாருங்கள், என் சிங்கக்குட்டிகளா!” என்று நரி எழுந்து நின்று வரவேற்றது. “கொம்பா, எங்கே, என்னை ஒரு முட்டு முட்டு!”

கொம்பன் முட்டினான். நரி, “ஐயோ, அம்மா!” என்று கத்திக்கொண்டு போய் விழுந்தது. வெள்ளையன் உதைத்தான். நரி உருண்டது. ஊசி முறைத்தாள். அதற்கே நரி இரண்டடி பின்னால் போயிற்று.

“தும்பைக்கண்ணு, நீயும் வா!”

தும்பை கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை வீசினாள். திறந்து பார்த்தால், நரி மல்லாந்து கிடந்தது!

அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். ‘நானா? நானா தள்ளினேன்?’ என்று துள்ளினாள். அடுத்த நொடியே குழம்பினாள். அவள் காலில் எதுவுமே பட்டதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு அவள் அடிக்கவில்லை. ஓரமாக நின்று மற்றவர்கள் அடிப்பதையும் நரி விழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புறப்படும்போது நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. “நாளைக் காலையில் கரட்டுப் பாறைக் குகைக்கு வாருங்கள். உங்களுக்கெல்லாம் வீரப் பட்டம் கட்டப்போகிறேன். வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பட்டத்தோடு போய்த் திடீரென்று நின்றால்தானே அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கும்?”

மற்றவர்கள் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். தும்பை மட்டும் செம்மண் களத்துக்குப் போனாள். அக்கா திட்டுவாளோ என்று அவளுக்குப் பயம். ஆனால் அந்தப் பயத்தைவிட, மனத்தில் உறுத்தியது பெரிதாக இருந்தது.

“அக்கா, நாங்கள் நரி மாமாவிடம் போனோம்.”

“தெரியும்” என்றாள் மருதாயி.

“அவர் விழுகிற விதம் சரியில்லை, அக்கா.”

மருதாயியின் காது நிமிர்ந்தது. “எப்படி?”

“நிஜமாக விழுகிறவர்களுக்கு எங்கே விழுகிறோம் என்றே தெரியாது. எனக்கு அப்படித்தான். ஆனால் மாமா முதலில் திரும்பிச் சருகு குவிந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் விழுகிறார். அடி படுவதற்கு முன்னாலேயே கத்துகிறார்.” குகையைப் பற்றியும் சொல்லி முடித்தாள்.

மருதாயி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இதை அவர்களிடம் நீ சொல்ல வேண்டும், தும்பை.”

“நானா? நீங்களே வேண்டாம் என்று தடுத்துவிடுங்களேன், அக்கா!”

“நான் சொன்னால் பொறாமையில் சொல்வதாக நினைப்பார்கள். இன்றைக்கு நான் தடுத்தால், நாளைக்கு வேறொரு நரியிடம் போவார்கள். நீ சொல். உனக்குப் பின்னாலேயே நான் இருப்பேன்.”

மறுநாள் காலையில் கரட்டுப் பாறைக் குகை வாசலில் குட்டிகள் வரிசையாக நின்றார்கள். “ஒவ்வொருவராக உள்ளே வாருங்கள், செல்லங்களா” என்று நரி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

“போகாதீர்கள்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தும்பை! இந்த முறை அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“மாமா நிஜமாகத் தோற்கவில்லை. வேண்டுமென்றே விழுந்தார்!”

கொம்பன் சிரித்தான். “விழுவதைத் தவிர உனக்கு வேறு என்ன தெரியும்?”

தும்பைக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. “ஆமாம், எனக்கு விழத்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்” என்றாள். பிறகு நரியின் பக்கம் திரும்பி மரியாதையாகத் தலை குனிந்தாள். “மாமா, பட்டம் கட்டுவதற்கு முன்னால் உங்களை இன்னும் ஒரே ஒரு அடி அடிக்கட்டுமா?”

குட்டிகளுக்கு எதிரே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? “அதற்கென்ன, அடி அடி!” என்று நரி மார்பை நிமிர்த்தியது.

தும்பை கால்களை அகட்டி ஊன்றினாள். “ஹா!” என்று கத்திக்கொண்டு காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“ஐயோ, அம்மா! செத்தேன்!” என்று நரி போய் விழுந்து, உருண்டு, மல்லாந்து, நாக்கையும் தொங்கவிட்டது.

தும்பையின் கால் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

“நீ அடிக்கவே இல்லையே!” என்றான் வெள்ளையன்.

அதே நேரம் குகைக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. “என்னப்பா, இன்னும் எவ்வளவு நேரம்? பசியில் உயிர் போகிறது.” இருட்டிலிருந்து ஒரு கழுதைப்புலி தலையை நீட்டியது.

நரி துள்ளி எழுந்தது. அதன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை, பல்தான் இருந்தது. நேராகத் தும்பையின் மேல் பாய்ந்தது. தும்பை தடுக்கப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, விழுந்து, உருண்டு, அந்த வேகத்திலேயே எழுந்து நின்றாள். நரியின் வாயில் மண்தான் அகப்பட்டது.

அது மறுபடி திரும்புவதற்குள் நடுவில் மருதாயி நின்றாள். ரோமமெல்லாம் சிலிர்த்து, அவளே இரண்டு மடங்காகத் தெரிந்தாள். ஊசி முட்களை விரித்துக்கொண்டு தும்பையின் இடப்பக்கம் வந்து நின்றாள். கொம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டு வலப்பக்கம் நின்றான். வெள்ளையன்கூட ஓடவில்லை.

புதருக்குப் பின்னால் பூமி அதிர ஒரு உறுமல் கேட்டது. அது கொம்பனின் அம்மா. வருகிற வழியில் மருதாயி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். கழுதைப்புலி பசியை மறந்து ஒரு பக்கம் ஓடியது. நரி இன்னொரு பக்கம் ஓடியது. ஓட்டத்தில் ஒரு வேர் தடுக்கி, அந்த நரி முதல்முறையாக நிஜமாகவே விழுந்தது. முள்ளுப் புதரில்! அதற்குப் பிறகு அதை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

குட்டிகளுக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவள் ஒரு சொல்லும் கடியாமல், ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் கொம்பன் எல்லோருக்கும் முன்னால் களத்துக்கு வந்துவிட்டான். தும்பை வந்ததும் அவள் எதிரே போய் நின்று தலை குனிந்தான்.

“உன்னைப் பார்த்துச் சிரித்தேன், தும்பை. தப்புதான்.” காலால் மண்ணைக் கிளறினான். “இன்றைக்கு நீ என்னோடு மோதிப் பழகுவாயா? ஆனால் ஒன்று. எனக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.”

“மாட்டேன்” என்றாள் தும்பை. மூங்கில் புதர் வரைக்கும் கேட்டது.

நீதி: பிறர் விட்டுக்கொடுத்த வெற்றி கர்வத்தைத்தான் தரும்; விழுந்து எழுந்து கற்றதே தைரியத்தைத் தரும்.