மதர் கேட்ட கடவுச்சொல்

"எல்லாத் தாளையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு மதர். இனி பழசை எரிச்சிடலாமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

மதர் அமலோற்பவம் கொடியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு."

"என்ன சொல் போட்டீங்க?"

ஜெசிந்தா சொன்னாள்.

மதர் ஒரு சின்னச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"வேற போடுங்க."

அது கன்னியர் மடம் நடத்தும் அடைக்கல இல்லம். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள், கைக்குழந்தையோடு தங்கிப்போகிற இடம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கோப்பு உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டுக்குக் கொடுத்த மனு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் அதில் இருக்கும். கடைசித் தாளில், அவள் இங்கிருந்து எங்கே போனாள் என்கிற விலாசம்.

ஓர் அலமாரியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. மிஞ்சியதைத்தான் ஜெசிந்தா மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து காப்பாற்றினாள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, ஒட்டிக்கொண்ட தாள்களைக் கத்திமுனையால் பிரித்து, ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து எடுத்தாள். ஒரு பிரதி இங்கே கம்ப்யூட்டரில். இன்னொன்று வேறு ஊர் மடத்தின் இரும்புப் பெட்டியில்.

அவள் பாங்கில் வேலை பார்த்தவள். அம்மாவைக் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்துவிட்டு, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவள். மதரைவிட மூத்தவள். ஆனால் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டுக்கு வயது ஏது?

போய் மாற்றினாள். எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடுமாக நீளமாய் ஒன்று போட்டாள். சமையற்கட்டில் மதரைப் பிடித்தாள்.

"இதை யாரும் ஊகிக்கவே முடியாது மதர்."

"அப்படியா? என்ன அது?"

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

மதர் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு. வேற போடுங்க."

ஜெசிந்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் பூட்டில என்ன குறை மதர்? பாங்கில மேனேஜரே கேட்டார். நான் சொல்லலை. ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சார். அப்பவும் சொல்லலை."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நீங்க மதர். கேட்டா சொல்லணும்ல?"

மதர் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க என்பதுபோலத் தலையை அசைத்தார்.

மாடியில் படுக்கை அறை. மதிய நேரம். போன வாரம் வந்த சுகந்தி, பாயில் குழந்தையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலில் செருப்பு.

"ஏன் செருப்போட படுத்திருக்கா?" மதர் மெல்லக் கேட்டார்.

"திடீர்னு ஓட வேண்டி வந்தா..." என்று தொடங்கிய ஜெசிந்தா நிறுத்திக்கொண்டாள்.

"இங்கே பயமில்லைன்னு தினமும் சொல்றேன்," என்றார் மதர். "எம்மேல அவளுக்கு மரியாதை ரொம்ப. சரிங்க மதர், சரிங்க மதர்ங்கிறா. செருப்பை மட்டும் கழற்ற மாட்டேங்கிறா."

ரோட்டில் ஒரு பைக் போனது.

சுகந்தி கண்ணைத் திறக்கவில்லை. அவள் கை மட்டும் தானாக நகர்ந்து குழந்தையின் வாயைப் பொத்தியது. சத்தம் தேய்ந்து மறைந்ததும் விலகியது. குழந்தைக்குப் பழகிப்போயிருந்தது போல. அது சிணுங்கக்கூட இல்லை.

படியிறங்கும்போது மதர் சொன்னார்: "தாள் யாருதோ, அவ வந்து கேட்டா திறங்க. வேற யாருக்கும் வேண்டாம்."

ஜெசிந்தா மறுபடி பூட்டினாள். இந்த முறை மதர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பழைய தாள்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. அன்றைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல சூடான குளியல்.

பனி விழத் தொடங்கியபோது சுகந்திக்குத் தையல் வேலை ஒன்று கிடைத்தது. ஜெசிந்தாதான் போய் பஸ் ஏற்றிவிட்டாள். எந்த ஊர் என்று மதர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெசிந்தா விலாசத்தைக் கோப்பில் சேர்த்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மரக்கடை சூசைமாணிக்கம் வந்தார்.

அந்த ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் அவர் வாங்கிக் கொடுத்தவை. இல்லத்தின் கூரைச் சட்டங்கள்கூட அவர் கடை மரம்தான். நல்ல மனிதர். யாருடைய கண்ணீரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"சுகந்தி புருஷன் வெளியில கார்ல இருக்கான் மதர். குடியை விட்டுட்டான். மாதா கோயில்ல முட்டி போட்டு அழுதான், நான் என் கண்ணால பாத்தேன். அவளைத் தொந்தரவு பண்ண மாட்டானாம். பிள்ளை முகத்தை ஒரு தடவை பாத்தா போதுமாம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கொலுசை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு விரல் நுழையும் அளவுதான் இருந்தது.

"அவனே தேடித் தேடி வாங்கினது."

மதர் ஒன்றைக் கையில் எடுத்தார். அசைத்துப் பார்த்தார். அது மெல்லச் சிணுங்கியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெசிந்தா, சுகந்தி கோப்பைத் திறங்க."

ஜெசிந்தா ஜன்னல் வழியே பார்த்தாள். காரின் பின் சீட்டில் ஓர் இளைஞன். சலவைச் சட்டை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

"சுகந்தி கேட்டாளா மதர்?"

"நான் கேக்கறேன்."

ஜெசிந்தாவின் விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தன. நகரவில்லை.

"என்ன மதர், நான் வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர் எனக்கே திறக்காதா?" என்றார் சூசைமாணிக்கம் சிரித்தபடி. கூடச் சிரிக்க ஆளில்லை.

"ஜெசிந்தா." மதரின் குரல் மாறியிருந்தது. "இது உத்தரவு."

வருகிற பெருவிழாவில் ஜெசிந்தாவுக்கு நித்திய வார்த்தைப்பாடு, ஆயுளுக்கும் கன்னியாஸ்திரியாக இருக்கக் கொடுக்கும் வாக்கு. மதர் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், அது நடக்காது. திரும்பிப் போக அவளுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை.

பாயில் படுத்திருந்தவளின் கை நகர்ந்தது நினைவுக்கு வந்தது.

"திறக்க மாட்டேன் மதர். சுகந்தி வந்து கேட்டா அவளுக்குத் திறக்கறேன்."

சூசைமாணிக்கம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "மதர் சொல்லைத் தட்டற சிஸ்டரை இப்பத்தான் பாக்கறேன்," என்று எழுந்தார். "அப்ப நீங்களாவது சொல்லுங்க மதர். எந்த ஊர்ல இருக்கா?"

"எனக்குத் தெரியாதே," என்றார் மதர்.

மதர் பொய் சொல்லமாட்டார் என்று அவருக்குத் தெரியும். கொலுசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கார்க் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீறிட்டு எழுந்தன.

ஜெசிந்தா மதரின் முன்னால் முழங்கால் போட்டாள். மடத்து வழக்கம் அது.

"கீழ்ப்படியலை மதர். பிராயச்சித்தம் சொல்லுங்க."

மதர் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவுக்கு மனதில் ஏதோ பிடிபட்டதுபோல் இருந்தது. நிமிர்ந்து, லேசாகச் சிரித்தாள்.

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்க. அதுதானே மதர்?"

மதர் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இல்லை ஜெசிந்தா. நான் நிஜமாவே திறக்கச் சொன்னேன்."