வாணிக்குன்றில் நடந்த செய்யுள் போட்டி

வெகுகாலத்துக்கு முன்னால், தேனாறு பாயும் நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். தோன்றியதெல்லாம் அன்றைக்கே சட்டமாகிவிடும்.

அவனுக்கு ஒரே மகள், செங்கமலம். எந்தச் செய்யுளைக் கேட்டாலும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பாள். பாடம் சொன்னவர் ஆஸ்தான பண்டிதர் ஏகாம்பரர். ராஜாவிடம் மந்திரி ஆதனுக்கு இருந்த செல்வாக்கு, பண்டிதருக்குக் கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர்தோறும் பள்ளிக்கூடத்தை ஒட்டி விளையாட்டுத் திடல் அமைத்தவர் ஆதன். பண்டிதர் அதிலேயே கை வைத்தார்.

"மகாராஜா, பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடியே பொழுதை வீணாக்குகிறார்கள். அந்த நேரமும் படித்தால் நாடெல்லாம் புலவர்கள்தான். திடல்களை மூடிவிடலாம்."

"மூடிவிடுவோம்" என்றான் ராஜா.

ஆதன் எழுந்தார். "ஓடியாடுகிற பிள்ளைதான் படித்ததைப் பயன்படுத்தும், மன்னா. நிரூபிக்கிறேன். தோற்றால் பதவியை விட்டுவிடுகிறேன்."

"ஓட்டப்பந்தயம் வைப்பார் போலிருக்கிறது" என்று பண்டிதர் சிரித்தார்.

"ஓட்டமும் வேண்டாம், தாண்டலும் வேண்டாம். செய்யுள் ஒப்பிக்கிற போட்டியே வைப்போம். உங்கள் மாணவர்கள் ஒரு பக்கம், மலையடிவாரப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். இடத்தையும் நீங்களே சொல்லுங்கள். கல்விக்கு இந்த நாட்டில் மிக உயர்ந்த இடம் எது?"

வாணிக்குன்றின் உச்சியில் இருக்கும் சரஸ்வதியைப் பற்றிப் பண்டிதர் பாடிய அந்தாதி அரண்மனையில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "அம்பாள் சந்நிதியைவிட உயர்ந்த இடம் உண்டா? அங்கேயே நடக்கட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று ஆதன் உட்கார்ந்துவிட்டார்.

போட்டி நாளன்று குன்றின் அடிவாரத்தில் குருக்கள் ராஜாவின் பல்லக்கை நிறுத்தினார். "இதற்குமேல் நடைதான், மகாராஜா. தங்கள் பாட்டனாரும் நடந்துதான் வந்தார்."

ராஜா அண்ணாந்து பார்த்தான். படிகள் மேலே மேலே போய் மேகத்துக்குள் மறைந்தன. "பண்டிதரே, உமது அந்தாதியில் படிகளைப் பற்றி ஒன்றுமே இல்லையே?"

"அது அம்பாளைப் பற்றிய பாட்டு, மகாராஜா" என்றார் பண்டிதர், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு.

ஏறினார்கள். பாதி வழியில் பண்டிதரின் மாணவர்கள் ஆளுக்கொரு படியில் சாய்ந்துவிட்டார்கள். பண்டிதர் எங்கோ கீழே இருந்தார். செங்கமலம் உதடு வெளுத்து உட்கார்ந்தாள். "அப்பா, மூச்சு விடுவது இவ்வளவு கஷ்டமா?"

தன் மகள் ஓடி ஒருநாளும் தான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது.

கீழிருந்து பாட்டு வந்தது. மலையடிவாரப் பிள்ளைகள் செய்யுளைச் சொல்லிக்கொண்டே ஏறிவந்தார்கள். ஒரு சீர், ஒரு படி. ஒரு குரலும் இளைக்கவில்லை. பாட்டே அவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

காத்தாயி என்ற பெண் நின்று செங்கமலத்திடம் கையை நீட்டினாள். "மூக்கால மூச்சை இழுங்க. மெதுவா, என்கூடவே அடி வைங்க. பாட்டு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப வாங்க."

இருவரும் ஏறினார்கள். நின்றார்கள், மறுபடி ஏறினார்கள். மகளின் கன்னத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ராஜாவும் பின்னால் ஏறினான்.

உச்சியில் காற்று அவன் மேலாடையைப் பிடுங்கியது. தேனாறும் வயல்களும் ஊர்களும் காலடியில் விரிந்து கிடந்தன. தான் ஆளும் நாட்டை அவன் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அந்த வெளியில் பிள்ளைகளின் குரல் பரவியது. செங்கமலத்தின் குரலும் அதில் இருந்தது. ராஜாவின் கைகள் தாமாகக் குவிந்தன.

பாட்டெல்லாம் முடிந்த பிறகு பண்டிதர் தவழாத குறையாக வந்து சேர்ந்தார். "மகாராஜா... என் மாணவர்களுக்கு... இதைவிட அதிகம் தெரியும்."

"தெரியும், பண்டிதரே. ஆனால் சொல்ல மூச்சில்லையே" என்றான் ராஜா. "தெரிந்ததைப் பூட்டி வைக்கவா பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்?"



ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆதனிடம் நீட்டினான். "மாலை வேண்டாம், மன்னா. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விளையாட்டு ஆசிரியரைக் கொடுங்கள்" என்றார் ஆதன். ராஜா இரண்டையும் கொடுத்தான். "பண்டிதரே, திடல்களுக்கு இனி நீர்தான் மேற்பார்வை. வெளியே நின்று பார்க்கக் கூடாது, உள்ளே இறங்கி ஆட வேண்டும்." முதலில் முனகிய பண்டிதர், மழைக்காலம் வருவதற்குள் பிள்ளைகளுக்கு முன்பாகத் திடலுக்கு வந்து நின்றார்.

அரண்மனைக்குப் பின்னாலும் ஒரு திடல் உண்டாயிற்று. ஒருநாள் ராஜாவே சடுகுடு பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். செங்கமலம் பாய்ந்து அவன் காலைப் பிடித்தாள். உதறினான், இழுத்தான்; பிடி விடவில்லை. அந்தச் சின்னக் கைகளின் பலத்தில் மலைத்துப்போய் ராஜா மண்ணில் விழுந்தான்.

"விடு, தாயே" என்றான்.

"கோட்டுக்கு வெளியே போங்கப்பா" என்றாள்.

போய் உட்கார்ந்தான். அருகே வந்த சேனாதிபதியிடம் உடம்பிலிருந்த மண்ணைத் தட்டாமலே, "என்னைப் பிடித்தது யார் தெரியுமா?" என்று கேட்டான். இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்வரை எதிரே வந்தவரிடமெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.